பழைய ஆல் வீல் டிரைவ் காரின் பின்பக்கம்: வீட்டிலேயே செய்யும் முழு சர்வீஸ்

ஒரு கார் பத்து வருடத்தைத் தாண்டிவிட்டால், எஞ்சின் ஆயில் கடைசியாக எப்போது மாறியது என்று ஓட்டுபவருக்கு மாதக் கணக்கோடு தெரியும். பின் டிஃபரன்ஷியலில் (பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டியில்) கிடக்கும் ஆயில் எப்போது மாறியது என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பதில் வராது. நான் வாங்கிய பழைய ஆல் வீல் டிரைவ் (நான்கு சக்கரத்துக்கும் எஞ்சின் சக்தி போகக்கூடிய) கார் 1,40,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. சர்வீஸ் புத்தகத்தில் எல்லாக் கட்டத்திலும் முத்திரை இருந்தது. ஆனால் காரடியில் படுத்து, டிஃபரன்ஷியல் பிளக்கைச் சுற்றிப் படிந்த மண்ணைப் பிரஷ்ஷால் தேய்த்தபோது, பிளக்குக்கும் ஹவுசிங்குக்கும் குறுக்கே தொழிற்சாலையில் இழுத்த மஞ்சள் பெயின்ட் கோடு ஒரு விரிசல்கூட இல்லாமல் அப்படியே இருந்தது. அந்த பிளக்கை யாரும் ஒருமுறைகூடத் திருப்பியதில்லை.

பின்பக்கம் இப்படி மறக்கப்படுவதற்குக் காரணம் உண்டு. எஞ்சினைப் போல அது ஆயிலை எரிக்காது, கேஜில் காட்டாது, கெட்டுப்போவதற்கு முன்பு டாஷ்போர்டில் விளக்கும் போடாது. ஆனால் சொல்ல வேண்டியதை எல்லாம் சத்தத்திலும், அதிர்விலும், வடித்த ஆயிலிலும் சொல்லிவிடும். அதனால் இந்த வேலையின் வரிசை முக்கியம். முதலில் ஓட்டிக் கேளுங்கள், அப்புறம் ஆயிலை வடித்துப் பாருங்கள், பாகம் வாங்குவது அதற்குப் பிறகுதான். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, நல்ல டிஃபரன்ஷியலைக் கழற்றி எறிந்தவர்கள் நிறையப் பேர்.

உங்கள் காரில் எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

முன்னால் எஞ்சினும் கியர்பாக்ஸும். அங்கிருந்து ஒரு டிரான்ஸ்ஃபர் யூனிட் சுழற்சியைப் பின்னால் திருப்பிவிடும். காரடியில் நீளமாகப் போகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் அதை எடுத்துச் செல்லும். பின்னால் கிரவுன் வீலும் (பெரிய பல்சக்கரம்) பினியனும் (அதைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரம்) உள்ள டிஃபரன்ஷியல், அதிலிருந்து இரண்டு பக்கமும் ஆக்ஸில் ஷாஃப்ட், கடைசியில் வீல் பேரிங். இது எல்லாக் காருக்கும் பொது. வித்தியாசம், பின் சக்கரங்களுக்கு எப்போது, எவ்வளவு சக்தி போக வேண்டும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

1980-இல் வந்த ஆடி குவாட்ரோ போல நடுவில் ஒரு டிஃபரன்ஷியல் வைத்து எப்போதும் நான்கு சக்கரத்தையும் ஓட்டுவது ஒரு வகை. முன்னையும் பின்னையும் இணைக்கும் கப்ளிங் வைப்பது இன்னொரு வகை. அதில் விஸ்கஸ் கப்ளிங் ஒன்று: மூடிய டப்பாவுக்குள் சிலிகான் திரவமும் மெல்லிய தட்டுகளும், முன்னும் பின்னும் வேகம் மாறுபட்டால் திரவமே இறுகிப் பிடிக்கும். 1998 வாக்கில் ஆடி டிடி, வோக்ஸ்வாகன் கோல்ஃப் போன்றவற்றில் வந்த ஹால்டெக்ஸ் கப்ளிங், ஆயில் அழுத்தத்தால் கிளட்ச் தட்டுகளை இறுக்கும், அதைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும். ஹோண்டா சிஆர்-வியின் பழைய மாடல்களில் இரண்டு பம்புகள் உள்ள அமைப்பு: முன் சக்கரங்கள் வேகமாகச் சுழன்றால் ஒரு பம்பின் அழுத்தம் மற்றதை மிஞ்சி, கிளட்ச் பிடித்துக்கொள்ளும்.

இதைத் தெரிந்துகொள்ளச் சொல்வது அறிவுக்காக மட்டும் இல்லை. எந்த ஆயில் ஊற்றுவது, எத்தனை பிளக், எதைத் தொடவே கூடாது என்பதெல்லாம் இதைப் பொறுத்துத்தான். உங்கள் மாடலுக்கும் வருடத்துக்கும் உரிய ஒர்க்‌ஷாப் மேனுவலைக் கையில் வைத்துக்கொண்டே தொடங்குங்கள்.

படி 1: ஓட்டிக் கேளுங்கள்

ரேடியோவை அணைத்துவிட்டு இருபது நிமிடம் ஓட்டுங்கள். ஆயிலும் சூடாகும், நோயும் தெரியும்.

காலியான மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, நடக்கும் வேகத்தில் இரண்டு பக்கமும் வட்டம் அடியுங்கள். காரை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போலவோ, விட்டு விட்டு உதறுவது போலவோ இருந்தால், முன்னும் பின்னும் ஒன்றை ஒன்று விடாமல் முறுக்கிக்கொள்கின்றன என்று அர்த்தம். கப்ளிங் ஆயில் பழசாகியிருக்கலாம், விஸ்கஸ் கப்ளிங் இறுகிப் போயிருக்கலாம். ஆனால் அதற்கு முன்பு டயரைப் பாருங்கள். இரண்டு டயர் மட்டும் புதிதாகப் போட்டிருந்தால் அதுவே காரணமாக இருக்கும்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் நம்புவீர்கள். டயர் பட்டனின் ஆழத்தில் 3 மி.மீ. வித்தியாசம் என்றால் சுற்றளவில் சுமார் 19 மி.மீ. வித்தியாசம். ஏறக்குறைய 2 மீட்டர் சுற்றளவுள்ள டயரில் அது கிட்டத்தட்ட ஒரு சதவீதம். கிலோமீட்டருக்கு 500 சுற்று சுற்ற வேண்டிய இடத்தில் தேய்ந்த டயர் ஐந்து சுற்று கூடுதலாகச் சுற்றும். அந்த ஐந்து சுற்றையும் கப்ளிங்தான் வழுக்கித் தீர்க்க வேண்டும், ஒவ்வொரு கிலோமீட்டரிலும், நேர் ரோட்டிலும்கூட. அதனால் ஆல் வீல் டிரைவ் காரில் நான்கு டயரும் ஒரே பிராண்டு, ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே தேய்மானம், ஒரே காற்று. இதில் சமரசம் வேண்டாம்.

அடுத்தது இரைச்சல். வேகம் கூடக் கூட வளரும் 'ஊம்' என்ற சத்தம், ஆக்ஸிலரேட்டரை விட்டாலும் மிதித்தாலும் மாறாமல் இருந்தால் அது வீல் பேரிங் அல்லது டயர். வளைவில் இடது பக்கம் திரும்பும்போது சத்தம் கூடினால் வலது பேரிங்கைச் சந்தேகியுங்கள், எடை அந்தப் பக்கம் சாய்வதால். மாறாக, மிதிக்கும்போது ஒரு சுருதியும் விடும்போது வேறு சுருதியுமாக ஊளையிட்டால், அது கிரவுன் வீலும் பினியனும் உரசும் இடத்திலிருந்து வருவது.

அதிர்வைப் பிரித்தறியவும் வழி இருக்கிறது. ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் சக்கரத்தைப் போலப் பெரும்பாலும் இரண்டரை முதல் நான்கு மடங்கு வேகத்தில் சுழலும். அதனால் சக்கரத்தின் பேலன்ஸ் கோளாறு மெதுவான ஆட்டமாகவும், ஷாஃப்டின் கோளாறு சீட்டுக்கடியில் பொடியான நடுக்கமாகவும் தெரியும். ஆட்டோமேட்டிக் காரில், நின்ற இடத்தில் டி-யிலிருந்து ஆருக்கு (ரிவர்ஸுக்கு) மாற்றும்போது பின்னால் 'டக்' என்று கேட்டால் யூ-ஜாயின்ட் கிராஸ் (ஷாஃப்டை மடங்க விடும் சிலுவை வடிவ இணைப்பு), டிஃபரன்ஷியலைத் தாங்கும் ரப்பர் புஷ், பினியன் ஆட்டம் மூன்றில் ஒன்று.

கேட்டதை எல்லாம் ஒரு தாளில் எழுதி வையுங்கள். காரடிக்குப் போன பிறகு நினைவில் இருக்காது.

படி 2: காரைத் தூக்குதல்

பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களைத்தான் பிடிக்கிறது. பின்பக்கத்தைத் தூக்கிய அந்த நொடியில் அது காருக்கு உதவாது. அதனால் ஜாக்கியைத் தொடுவதற்கு முன்பே முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். தரை சமமான கான்கிரீட்டாக இருக்க வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு ஸ்டாண்டுதான். ஸ்டாண்டை மேனுவல் காட்டும் இடத்தில் வையுங்கள், அலுமினிய டிஃபரன்ஷியல் கவருக்கு அடியில் வைக்க வேண்டாம். இறக்கி வைத்த பிறகு காரைத் தோளால் நன்றாக ஆட்டிப் பாருங்கள். ஆட வேண்டுமென்றால் நீங்கள் வெளியே இருக்கும்போதே ஆடட்டும்.

முடிந்தால் நான்கு சக்கரத்தையும் ஒரே உயரத்துக்குத் தூக்குங்கள். பின்பக்கம் மட்டும் உயர்ந்திருந்தால் டிஃபரன்ஷியல் மூக்குப்பக்கம் சாயும். பின் கவரில் உள்ள நிரப்பும் துளை மேலே போய்விடும், ஆயில் வழிவதற்குள் அளவுக்கு மேல் ஊற்றிவிடுவீர்கள். மிஞ்சிய ஆயில் நுரைக்கும், பிரீதர் என்ற காற்றுத் துளை வழியாகக் கக்கும்.

இன்னொன்று, இதில் எந்த விட்டுக்கொடுப்பும் கிடையாது: இரண்டு சக்கரம் மட்டும் தூக்கியிருக்கும்போது எஞ்சினை ஓட்டிக் கியரில் போடாதீர்கள். கப்ளிங் பிடித்தால், தரையில் இருக்கும் சக்கரங்கள் காரை ஸ்டாண்டிலிருந்து இழுத்துத் தள்ளிவிடும்.

படி 3: டிஃபரன்ஷியல் ஆயில்

இந்த வேலையின் நெஞ்சுப்பகுதி இதுதான், நிதானமாகச் செய்யுங்கள்.

முதலில் திறக்க வேண்டியது மேலே உள்ள நிரப்பும் பிளக். கீழே உள்ள வடிக்கும் பிளக்கை அதற்கு முன்பு தொடவே கூடாது. மேல் பிளக் இறுகிப் போய்த் திறக்க வராவிட்டால், ஆயிலை வடித்துவிட்ட காரை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? மேல் பிளக் திறந்தது என்று கையில் தெரிந்த பிறகே அடுத்தது.

பழைய காரில் அந்தப் பிளக் எளிதில் வராது. எல் கீ போடும் குழியில் பல வருட மண் கல்லாக இறுகியிருக்கும். கூர்மையான கம்பியாலும் பிரஷ்ஷாலும் அடி வரை தோண்டி எடுங்கள். கீ முழு ஆழத்துக்கு உட்கார வேண்டும். அரைகுறையாக உட்கார்ந்தால் விளிம்பு வழுக்கி, அதற்கப்புறம் எந்தக் கீயும் பிடிக்காது. முந்தின நாள் இரவே துரு இளக்கும் ஆயிலைத் தெளித்து ஊற விடுங்கள். பிளக்கின் முகத்தில் சுத்தியலால் நாலு தட்டு தட்டுங்கள், துருப் பிடிப்பு விடும். அப்புறம் நீளமான கைப்பிடியில் சீராக அழுத்துங்கள், வெடுக்கென்று இழுக்காதீர்கள். அதற்கும் வரவில்லை என்றால் பிளக்கைச் சுற்றியுள்ள அலுமினிய ஹவுசிங்கை ஹீட் கன்னால் சூடாக்கலாம். இரும்பைவிட அலுமினியம் அதிகம் விரியும் என்பதால் பிடி தளரும். தீப்பிழம்பு மட்டும் வேண்டாம். பல ஆல் வீல் டிரைவ் கார்களில் பெட்ரோல் டேங்க் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டுக்கு மேலே இரண்டு பக்கமும் கால் போட்டது போல உட்கார்ந்திருக்கும், டிஃபரன்ஷியலுக்கு ஒரு கைத்தூரத்தில்.

மேல் பிளக் வந்துவிட்டதா? சரி, இப்போது அகலமான தட்டை வைத்துக் கீழ் பிளக்கைக் கழற்றுங்கள். முதலில் பாய்ந்து வரும், பிறகு நூலாக, பிறகு சொட்டாக. பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். சைலன்சர் குழாய் பக்கத்திலேயே சூடாக இருக்கும், முழங்கையைக் கவனியுங்கள். வடிக்கும் பிளக்கே இல்லாத டிஃபரன்ஷியல்களும் உண்டு. அவற்றில் பெரிய சிரிஞ்சில் குழாய் மாட்டி நிரப்பும் துளை வழியாக உறிஞ்சி எடுக்க வேண்டும்.

இனிதான் படிக்கும் வேலை. வடித்த ஆயிலைச் சிறிது கண்ணாடிக் குப்பியில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். தேன் நிறம் மங்கிப் பழுப்பானால் வயது. கறுத்து, கருகிய வாடை வந்தால் சூடு தாங்கியிருக்கிறது. பால் ஊற்றிய காப்பி மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது: வெள்ளத்தில் ஓடியிருக்கலாம், அல்லது பிரீதர் வழியாக ஈரத்தை உறிஞ்சியிருக்கலாம். தண்ணீர் கலந்தது என்று தெரிந்தால் புது ஆயில் ஊற்றி, ஐநூறு கிலோமீட்டருக்குள் அதையும் வடித்து, மறுபடி ஊற்றுங்கள்.

பிளக்கின் நுனியில் காந்தம் இருக்கும். அதில் ஒட்டியதை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து மெதுவாகத் தேயுங்கள். விபூதி குழைத்தது போல வழவழப்பான சாம்பல் நிறக் குழம்பு என்றால் கவலை வேண்டாம், இத்தனை வருட உரசலின் இயல்பான தேய்மானம் அது. விரலில் நறநறவென்று தட்டுப்பட்டால், அதிலும் விளிம்புள்ள செதிலோ பல் துண்டோ கிடைத்தால், கியரோ பேரிங்கோ உடைந்துகொண்டிருக்கிறது. அந்த டிஃபரன்ஷியலுக்குப் புது ஆயில் மருந்தாகாது. என் காரில் வந்தது, மொச்சைக்கொட்டை அளவு குழம்பு. ஒரு துணியில் துடைத்து, அதைச் சூரிய வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒரு மினுக்குகூட இல்லை. அன்று எனக்கு வந்த நிம்மதி பெரியது.

ஆயில் எது என்பதில் தவறு செய்ய வேண்டாம். டிஃபரன்ஷியலில் இருப்பது ஹைபாய்டு கியர். பினியனின் மையம் கிரவுன் வீலின் மையத்துக்குக் கீழே தள்ளி இருக்கும். 1926-இல் பேக்கார்டு கார்களில் இது வந்தபோது ஷாஃப்ட் தாழ்ந்தது, காரின் தரையையும் தாழ்த்த முடிந்தது. அதற்கு விலை என்னவென்றால், பற்கள் ஒன்றின் மேல் ஒன்று உருளுவதோடு நில்லாமல் பலத்த அழுத்தத்தில் வழுக்கியும் போகும். சாதாரண ஆயில் படலம் அங்கே கிழிந்துவிடும். அதனால்தான் கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ஜிஎல்-5 ஆயில். மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறும் அந்த நாற்றம் கந்தகத்தினுடையது. பல கார்களுக்கு 75டபிள்யூ-90 ஜிஎல்-5 பொருந்தும். கியர்பாக்ஸுக்கு வைத்திருந்த ஜிஎல்-4-ஐ இங்கே ஊற்றாதீர்கள். ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் வகை என்றால் அதன் கிளட்ச் தட்டுகளுக்கு ஏற்ற சேர்க்கை உள்ள ஆயில் வேண்டும், இல்லாவிட்டால் வளைவில் உதறும். மேலே சொன்ன ஹோண்டா அமைப்பில் கியரும் கிளட்சும் ஒரே ஆயிலில் குளிக்கின்றன, அதற்கென்று உள்ள டூயல் பம்ப் ஃப்ளூயிட் தவிர வேறு எதுவும் கூடாது. ஜிஎல்-5 ஊற்றினால் கிளட்ச் கெட்டுவிடும்.

கீழ் பிளக்கைப் புது வாஷரோடு போடுங்கள். கையால் நான்கு மரை ஏறிய பிறகே ஸ்பானர். பல கார்களில் இந்தப் பிளக்குகளுக்கு 50 நியூட்டன் மீட்டரோ அதற்கும் குறைவோ போதும். அலுமினிய மரை ஒருமுறை உரிந்தால் வேலை இரட்டிப்பாகும், அதனால் இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் இறுக்க வேண்டாம். பிறகு கை பம்ப் கொண்டோ, பின் சீட்டுப் பக்கமாக இறக்கிய நீளமான குழாயும் புனலும் கொண்டோ மேல் துளையில் ஊற்றுங்கள். அளவு அதிகம் பிடிக்காது. சுபாருவின் பல மாடல்களில் சுமார் 0.8 லிட்டர்தான். துளையின் உதட்டில் ஆயில் வந்து மெல்ல வழியத் தொடங்கியதும் நிறுத்துங்கள். ஐந்து நிமிடம் பொறுத்து, மட்டம் இறங்கியிருந்தால் இன்னும் கொஞ்சம். வழிவது நின்றதும் பிளக்கை மூடுங்கள்.

மூடிவிட்டுப் போய்விடாதீர்கள், டிஃபரன்ஷியல் தலையில் கட்டைவிரல் அளவு ஒரு மூடியோ சின்னக் குழாயோ இருக்கும். அதுதான் பிரீதர். சூடான காற்று வெளியேறும் மூக்கு அது. மண் அடைத்துவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, கெடாத சீல்களை (ஆயிலைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் வளையங்களை) தாண்டியும் ஆயிலை வெளியே கசிய வைக்கும். கசிகிறது என்று சீலை மாற்றி, மறுபடி கசிந்து, மறுபடி மாற்றியவர்கள் இந்தப் பிரீதரை ஒருமுறை பார்த்திருந்தால் போதும். சுத்தம் செய்து, வாயால் ஊதிக் காற்று போகிறதா என்று பாருங்கள்.

படி 4: கப்ளிங்

ஹால்டெக்ஸ் போன்ற கப்ளிங்குக்குத் தனி ஆயில், தனி பிளக். டிஃபரன்ஷியலின் மூக்கில் ஒட்டிக்கொண்டு அடுத்தடுத்து இருக்கும். ஒன்றுக்கு ஒன்று மாற்றி வடித்துவிடுவது இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, மேனுவலில் படத்தோடு ஒப்பிட்டுச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். முந்தைய தலைமுறைகளில் மாற்றக்கூடிய ஃபில்டர் உண்டு. ஐந்தாம் தலைமுறையில் ஃபில்டர் இல்லை என்று சொல்லி விட்டுவிடுவார்கள், ஆனால் பம்பின் நுனியில் மெல்லிய வலை இருக்கிறது. கிளட்ச் தேய்ந்த தூள் அதில் களிமண் போல அப்பி அடைத்துக்கொள்ளும். பம்ப் இழுக்க முடியாமல் திணறி ஒருநாள் எரிந்துபோகும், கார் சத்தமில்லாமல் முன் சக்கர வண்டியாகிவிடும். ஆயிலை மட்டும் மாற்றுவது இதற்குப் போதாது. பம்பைக் கழற்றி, வலையைக் கழுவி, புது ஓ-ரிங்கோடு போடுங்கள். இரண்டு திருகுதான், பம்ப் மட்டும் கையில் கொஞ்சம் அடம்பிடிக்கும்.

விஸ்கஸ் கப்ளிங்கும், மின்காந்தத்தால் இயங்கும் சில கப்ளிங்குகளும் முழுக்க மூடியவை. அவற்றில் மாற்ற எதுவும் இல்லை, திறக்க முயலவும் வேண்டாம்.

படி 5: ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்

கியரை நியூட்ரலில் வைத்து, நான்கு சக்கரமும் அந்தரத்தில் இருக்க, ஷாஃப்டை இரண்டு கையாலும் பிடித்து முறுக்குங்கள், மேலும் கீழும் தள்ளுங்கள். யூ-ஜாயின்டில் ஆட்டம் கண்ணுக்குத் தெரிந்தாலே அது போய்விட்டது. கிராஸின் தொப்பியைச் சுற்றிச் சிவப்புத் துருத்தூள் படிந்திருந்தால் உள்ளே ஊசி பேரிங் காய்ந்து பொடியாகிக்கொண்டிருக்கிறது. கிரீஸ் அடிக்கும் நிப்பிள் இருந்தால் பழைய கிரீஸ் நான்கு தொப்பியிலும் பிதுங்கும் வரை கிரீஸ் கன்னால் அடியுங்கள். பல புது வகைக் கார்களில் நிப்பிளும் இருக்காது, கிராஸைத் தனியாகக் கழற்றவும் முடியாது. அப்போது முழு ஷாஃப்ட்தான்.

நடுவில் ஷாஃப்டைத் தாங்கும் சென்டர் பேரிங்கைச் சுற்றி ரப்பர் இருக்கும். அது கிழிந்து ஷாஃப்ட் தொங்கினால், குறிப்பிட்ட வேகத்தில் தரை முழுக்க நடுங்கும். சில கார்களில் இணைப்பு இடத்தில் கனமான ரப்பர் டிஸ்க் இருக்கும், போல்ட் துளைகளுக்கு நடுவே வெடிப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

ஷாஃப்டைக் கழற்றுவதாக இருந்தால், ஒரு போல்ட்டைக்கூடத் தளர்த்துவதற்கு முன்பு, இரண்டு முனையிலும் இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போடுங்கள். ஷாஃப்ட் தொழிற்சாலையில் பேலன்ஸ் பார்த்துப் பூட்டப்பட்டது. வேறு துளையில் மாட்டினால் இல்லாத அதிர்வைப் புதிதாக வாங்கிக்கொள்வீர்கள். இரண்டு துண்டு ஷாஃப்டை நடுவில் பிரித்தால் அங்கேயும் கோடு வேண்டும். ஒரு முனையைக் கழற்றியதும் அப்படியே தொங்க விடாதீர்கள், கம்பியால் கட்டித் தாங்குங்கள். எல்லை மீறி மடங்கினால் ஜாயின்ட் உடையும்.

படி 6: ஆக்ஸில், பூட், சீல்

ஆக்ஸில் ஷாஃப்டின் இரண்டு முனையிலும் உள்ள ஜாயின்டை மூடும் ரப்பர் பூட்டை வெளியிலிருந்து பார்த்தால் நன்றாகத்தான் தெரியும். ஒவ்வொரு மடிப்பையும் விரலால் விரித்து, சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிப் பாருங்கள். வெடிப்பு மடிப்பின் அடியில்தான் தொடங்கும். சக்கரத்தின் உள்பக்கத்திலோ சைலன்சர் மேலோ கறுப்பாகக் கிரீஸ் தெறித்திருந்தால் பூட் ஏற்கெனவே திறந்துவிட்டது. ஜாயின்ட் இன்னும் சத்தம் போடவில்லை என்றால் கழுவி, புது கிரீஸும் பூட்டும் போட்டுக் காப்பாற்றலாம். வெளி ஜாயின்டுக்கும் உள் ஜாயின்டுக்கும் கிரீஸ் வேறு வேறாக இருக்கும், பூட் கிட்டோடு வருவதையே போடுங்கள். மணல் புகுந்து நறநறத்தால் ஷாஃப்டை மாற்றுங்கள்.

சக்கரம் மாட்டும் ஹப்பின் நடுவில் இருக்கும் ஆக்ஸில் நட்டைக் கழற்ற வேண்டி வந்தால், சக்கரம் தரையில் இருக்கும்போதே பிடியை மட்டும் விடுவித்துவிட்டுக் காரைத் தூக்குங்கள். நட்டு தளர்ந்த காரை ஒரு அடிகூட உருட்டாதீர்கள், வீல் பேரிங் பாழாகும். மறுபடி போடும்போது புது நட்டு.

ஆக்ஸில் டிஃபரன்ஷியலுக்குள் நுழையும் இடத்தில் ஈரம் இருந்தால் அந்த சீல் வீட்டில் மாற்றக்கூடியதுதான். கியர் ஆயிலை வடித்துவிட்டு, உள் ஜாயின்டுக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே தட்டையான நெம்புகம்பி வைத்து ஒரே தள்ளு தள்ளினால், ஷாஃப்டை உள்ளே பிடித்திருக்கும் சர்க்கிளிப் என்ற கம்பி வளையம் விடும். ஜாயின்டைப் பிடித்து நேராக இழுங்கள், ஷாஃப்டை இழுத்தால் உள் ஜாயின்ட் பிரிந்து கையோடு வரும். பழைய சீலை எடுக்கும் முன்பு அது எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். புது சீலின் உதட்டில் கிரீஸ் தடவி, அதே விட்டமுள்ள சாக்கெட்டை வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டி அதே ஆழத்துக்கு இறக்குங்கள். ஆக்ஸிலின் வழவழப்பான பகுதியில் பழைய சீல் தேய்த்த பள்ளம் நகத்தில் தட்டுப்பட்டால், புது சீலும் நிற்காது. சர்க்கிளிப்பைப் புதிதாகப் போட்டு உள்ளே தள்ளும்போது 'க்ளிக்' என்று உணர வேண்டும். இழுத்துப் பார்த்து வராவிட்டால்தான் உட்கார்ந்தது.

பினியன் சீல் வேறு கதை. அதை மாற்ற பினியன் நட்டைக் கழற்ற வேண்டும். பல டிஃபரன்ஷியல்களில் அந்த நட்டுதான் உள்ளே ஒரு நசுங்கும் குழாயை அழுத்தி, பேரிங்குகளின் இறுக்கத்தைத் தீர்மானிக்கிறது. கொஞ்சம் கூடினால் பேரிங் வெந்துபோகும், குறைந்தால் பினியன் ஆடிக் கியர் ஊளையிடும். சுழற்றும் விசையை அளக்கும் கருவியும் பழக்கமும் இல்லாதவர்கள் இதை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுவதே நல்லது. கிரவுன் வீலுக்கும் பினியனுக்கும் இடைவெளி சரிசெய்ய மெல்லிய தகடு (ஷிம்) வைக்கும் வேலையும் அப்படித்தான்.

காரடியில் இருக்கும்போதே டிஃபரன்ஷியலைத் தாங்கும் புஷ்களை நெம்பிப் பாருங்கள், கிழிந்த ரப்பர் வாய் பிளக்கும். சக்கரத்தை ஒரு கையால் சுற்றிக்கொண்டு மறு கையைச் சஸ்பென்ஷன் ஸ்பிரிங் மேல் வையுங்கள். பேரிங் கெட்டிருந்தால் காதுக்குக் கேட்காத கரகரப்பு ஸ்பிரிங் வழியாக விரலுக்கு வரும்.

படி 7: இறக்கிய பிறகு

சக்கர நட்டுகளைத் தரையில் வைத்து டார்க் ரெஞ்ச்சால் இறுக்குங்கள். அதே இருபது நிமிட ஓட்டம், அதே வட்டம், அதே தாள். கப்ளிங் ஆயில் மாற்றியிருந்தால் வட்டத்தைப் பல தடவை இரண்டு பக்கமும் அடியுங்கள். பழைய ஆயில் தட்டுகளுக்கு நடுவே ஊறியிருக்கும், கலந்து வெளியேற நேரம் எடுக்கும். உதறல் குறைந்து, ஆனால் முழுக்கப் போகாவிட்டால், சில நூறு கிலோமீட்டருக்குப் பிறகு இன்னொரு முறை ஆயிலை மாற்றுங்கள். ஒரு முறையில் முடியாதது இரண்டாம் முறையில் தீர்ந்ததை நான் கண்டிருக்கிறேன்.

வடித்த ஆயிலை மூடியுள்ள கேனில் பிடித்து, பழைய ஆயில் வாங்கும் இடத்தில் கொடுங்கள். மண்ணிலோ சாக்கடையிலோ ஒரு சொட்டும் போகக் கூடாது.

இரவு காருக்கடியில் ஒரு அட்டையை விரித்து வையுங்கள், காலையில் எந்த இடத்தில் சொட்டியிருக்கிறது என்று அதுவே காட்டும். இனி 40,000 முதல் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டிஃபரன்ஷியல் ஆயில், டிரெய்லர் இழுப்பவர்களும் தண்ணீரில் இறங்குபவர்களும் அதில் பாதியில். கப்ளிங்குக்கு மேனுவல் சொல்லும் கணக்கு. முன்பக்க டிரான்ஸ்ஃபர் யூனிட்டையும் இதே நாளில் பார்த்துவிடுங்கள். அதில் ஆயில் கொஞ்சம்தான், சைலன்சர் சூட்டுக்குப் பக்கத்தில் வேறு இருக்கிறது.

கடைசியாக, இரண்டு பிளக்கையும் துணியால் துடைத்துக் காயவிட்டு, பிளக்குக்கும் ஹவுசிங்குக்கும் குறுக்கே ஒரு பெயின்ட் கோடு இழுங்கள். பிளக் தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். தேதியையும் கிலோமீட்டரையும் சர்வீஸ் புத்தகத்தில் எழுதிவிடுங்கள். என் காரில் இப்போது இருப்பது வெள்ளைக் கோடு, மஞ்சளுக்கு மேலே.